வானத்துக்கும் பூமிக்கும் குதித்தவன்

ஓடைமேட்டுத் தயாளனுக்குக் கோபம் வந்தால் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பான் என்று சொன்னால், வெளியூர்க்காரர்கள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள், யார் வீட்டில்தான் அப்படி ஒருத்தன் இல்லை என்று. பக்கத்து ஊரான தும்பைக்குளத்துக்காரர்கள் மட்டும் அதைச் சொல்லும்போதே அண்ணாந்து பார்ப்பார்கள். ஏனென்றால் அவர்கள் அதைக் கண்ணால் பார்த்தவர்கள். பள்ளிக்கூட மைதானத்து சிமென்ட் தரையிலிருந்து பந்தோடு எழும்பிய பயல் ரிங்குக்குப் பக்கத்தில் போய் அந்தரத்தில் நின்றுகொண்டு, கீழே கையைத் தூக்கிக் குதித்துக்கொண்டிருக்கும் ஐந்து பேரையும் ஒரு பாட்டம் முறைத்துவிட்டு, பந்தைக் கூடைக்குள் வைத்துவிட்டு, கோபம் வடிந்த பிறகு மெதுவாக இறங்கி வருவான் என்பதைக் கோடைக்குக் கோடை தோற்றுத் தெரிந்துகொண்டவர்கள். எவ்வளவு கோபமோ அவ்வளவு உயரம், அவ்வளவு நேரம்.

அது எதனால் என்று யாரும் ஆராய்ச்சி பண்ணவில்லை. பிறந்தபோதே உள்ளங்காலில் கனம் இல்லை என்றார்கள் சிலர், அப்பன் ஓடிப்போன வீட்டுப் பிள்ளை அப்படித்தான் இருப்பான் என்றார்கள் சிலர். சுற்றுவட்டார ஊர்களெல்லாம் சேர்ந்து நடத்தும் கோடைப் போட்டியின் கமிட்டி ஒரு நாள் கூடி, தயாளன் மேலே நிற்கும்வரை கடிகாரத்தை நிறுத்திவைப்பது என்றும், பந்தைப் போடாமல் கையில் வைத்துக்கொண்டே இறங்கிக் கால் தரையில் பட்டுவிட்டால், மற்ற ஆட்டக்காரனுக்கு எப்படியோ அப்படியே அவனுக்கும் டிராவலிங் கொடுத்துப் பந்தை எதிரணிக்குத் தருவது என்றும் முடிவெடுத்தது. அவன் மேலே இருக்கும் நேரத்தில் மற்றவர்கள் ஓரமாகப் போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டார்கள்.

அப்பேர்ப்பட்டவனைத் தருகிறோம், வாங்கிக்கொள்கிறீர்களா என்று ஓடைமேட்டுக் கூடைப்பந்துக் கழகத்தின் தலைவர் சங்கரவேலு பங்குனி மாதத்து வெயிலில் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றபோது, வடமலைக்கு முதலில் சந்தேகம்தான் வந்தது. வடமலை தும்பைக்குளம் கழகத்தின் செயலாளர். கல்யாணமோ காதுகுத்தோ எழவோ, ஊரில் எதுவானாலும் மைக்செட் அவருடையதுதான். மேட்ச் நடந்தால் மேசை போட்டு உட்கார்ந்து மைக்கில் பேசுவதும் அவர்தான். எதிரணிக்காரன் பந்தைத் தவறவிட்டால் அவன் பாட்டன் காலத்து நொண்டிக் கதை வரைக்கும் இழுத்துப் பேசும் வாய் அவருக்கு. ஓடைமேட்டுக்கும் தும்பைக்குளத்துக்கும் நடுவில் ஒரு ஓடையும் ஒரு பஸ் ஸ்டாப்பும்தான், அந்த பஸ் ஸ்டாப்பிலும் இரண்டு ஊர்க்காரர்களும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். சுழற்கோப்பை என்று பெயர் வைத்த கோப்பை வருஷக்கணக்காக எங்கும் சுழலாமல் ஓடைமேட்டில் சங்கரவேலுவின் வீட்டு டிவிக்கு மேலேயே உட்கார்ந்திருந்தது, அதை நினைத்தாலே வடமலைக்குச் சோறு இறங்காது.

"எதுக்குய்யா குடுக்குறீங்க? கால்ல அடி கிடி பட்டிருச்சா?" என்று கேட்டார் வடமலை.

"கால் நல்லாத்தான் இருக்கு. எங்க வாய்தான் ஓஞ்சு போச்சு" என்றார் சங்கரவேலு. "அவனக் கோவமாவே வச்சிருக்கணும்ல. தெனம் யாராவது ஏசணும், மூஞ்சியத் திருப்பணும். தை மாசம் அவன் ஆத்தா செத்ததுலருந்து எங்க பொம்பளைங்க வைய மாட்டேங்குறாங்க, கொழம்பு ஊத்திக் குடுக்குறாங்க. ஒங்க ஊருக்கு அந்தச் சங்கடம் இல்ல. வைறதுல ஒங்களுக்கு ஒரு பேரு இருக்கு."

இதை வடமலை பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார். பதிலுக்கு சங்கரவேலு கேட்டது நல்லதம்பியை. நல்லதம்பி வடமலையின் மனைவி பஞ்சவர்ணத்துக்கு ஒரே தம்பி, பயிற்சிக்கு ஒரு நாள் தவறாதவன், ஃபவுல் ஆனால் கையைத் தூக்கி ஒப்புக்கொள்கிறவன், எந்த மேட்சிலும் அவன் ஆடினான் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது, அவன் ஆடாத மேட்சில் மட்டும் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொள்வார்கள். அவனை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், இவனை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்பது, இந்த வீட்டுப் பெண்ணை அங்கே கொடுத்து அந்த வீட்டுப் பெண்ணை இங்கே எடுக்கும் குண்டுமாத்துக் கல்யாணம்போல இருந்ததால், ஊர் இந்த ஏற்பாட்டுக்கும் குண்டுமாத்து என்றே பெயர் வைத்தது.

வாங்கலாமா வேண்டாமா என்று ஊர் இரண்டாகப் பிரிந்து கத்தியது. ரெஃப்ரியை அறைந்தவன், ரிங் மாட்டிய கண்ணாடி போர்டை உடைத்தவன், வேலை கொடுத்த மில்லில் மேஸ்திரியைத் தூக்கிப் பஞ்சு மூட்டைமேல் எறிந்தவன், அவன் நமக்கு எதற்கு என்றார் டீக்கடைப் பரமன். கோப்பை எதற்கோ அதற்குத்தான் என்றார் வடமலை. ஒழுக்கமான பையனைக் கொடுத்துவிட்டு ஊர்வம்பை விலைக்கு வாங்குகிறோம் என்றார்கள் ஒரு பக்கம், ஒழுக்கத்தை வைத்துக்கொண்டு எத்தனை கோப்பை வாங்கினோம் என்றார்கள் இன்னொரு பக்கம், அண்ணன் தம்பிகள் ஒரே வீட்டில் தனித்தனியாகத் தண்ணீர்க் குடம் வைத்துக்கொண்டார்கள். கடைசியில் மைக் யார் கையில் இருந்ததோ அவர் பேச்சுதான் எடுபட்டது.

பஞ்சவர்ணம் அன்று அடுப்படியிலிருந்து வெளியே வந்து ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். "குண்டுமாத்துக்கு அனுப்புறப்பக்கூட பொண்ணுகிட்ட சம்மதமான்னு ஒரு வார்த்தை கேப்பாங்க. என் தம்பிகிட்டக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. நல்லதம்பியே பையைத் தூக்கிக்கொண்டு வந்து, வர்றேன் மாமா என்று சொல்லிவிட்டு ஓடையைத் தாண்டிப் போனான். அன்றிலிருந்து பஞ்சவர்ணம் புருஷனிடம் பேசுவதை நிறுத்தினாள். நேரத்துக்குச் சோறு வந்தது, குழம்பு வந்தது, வார்த்தை மட்டும் வரவில்லை, வடமலைக்கு அது வலித்தது, ஆனால் கோப்பை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டார்.

தயாளன் வந்தான். ஒல்லியாக, நெட்டையாக, எதிரில் வந்த யாரையும் பார்க்காமல் நடந்து வந்தான், மைதானத்துக்குப் பக்கத்து ஸ்டோர் ரூமில் பாயைப் போட்டான். சாயங்காலம் பயிற்சி பார்க்க ஊரே திரண்டு நின்றது. பயல் குதித்தான், குதித்த வேகத்தில் கீழே வந்தான். மறுபடி குதித்தான், மறுபடி வந்தான். சாதாரண மனுஷன் எவ்வளவு குதிப்பானோ அவ்வளவுதான். ஏமாற்றிவிட்டான் சங்கரவேலு, சொத்தை மாட்டைத் தலையில் கட்டிவிட்டான் என்று கொதித்துப்போய், வடமலை ஓடையைத் தாண்டி அவன் வீட்டு வாசலிலேயே போய்க் கத்தினார். சங்கரவேலு சட்டைகூடப் போடாமல் வெளியே வந்து, அவனிடம் யாராவது சாப்டியான்னு கேட்டீங்களா என்று விசாரித்தார்.

கேட்டிருந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பரமன் கேட்டிருந்தார், அவனை வாங்கவே கூடாது என்று சொன்ன அதே பரமன். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் கேட்டிருந்தார்கள். ஸ்டோர் ரூமைப் பூட்டித் திறக்கும் வாட்ச்மேன் கேட்டிருந்தார். தும்பைக்குளத்தில் அது கேள்வியே இல்லை, தொண்டையைச் செருமுவதுபோல ஒரு பழக்கம். சண்டைக்காரன் வீட்டு வழியாகப் போனாலும், கடனைக் கேட்டு வந்தவன் நின்றாலும், சாப்டியா என்று கேட்டுவிட்டுத்தான் சண்டையைத் தொடங்குவார்கள். தயாளனிடமோ யாராவது அதைக் கேட்டுவிட்டால் அவ்வளவுதான், கோபம் வடிந்து அன்றைக்கு அவன் காலில் ஆளுயரக் கல்லைக் கட்டியதுபோல ஆகிவிடும்.

அன்றைக்கே வடமலை ஆட்டோவில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். கழகத்தின் முக்கிய அறிவிப்பு, தயாளனிடம் யாரும் சாப்டியா என்று கேட்கக் கூடாது, கேட்டவர் மேட்ச் நாளில் மைதானத்துக்குள் வர முடியாது, அவனைப் பார்த்தால் ஏச வேண்டும், ஏசத் தெரியாதவர்கள் முகத்தையாவது திருப்பிக்கொள்ள வேண்டும் என்று முறை வைத்துச் சொன்னார். ஊரும் முறை வைத்துச் செய்தது. கீழத்தெருக்காரர்கள் காலையில் ஏசினார்கள், மேலத்தெருக்காரர்கள் மாலையில் ஏசினார்கள், பரமன் டீயில் சர்க்கரை போடாமல் கிளாஸைத் தட்டென்று வைத்தார், சலூன்காரர் பாதிக் கிருதாவோடு அவனை எழுப்பி அனுப்பினார், சாப்பாட்டுக்கடையில் அவன் தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். அவன் காசைக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டான், பல்லைக் கடித்தான், சாயங்காலம் ரிங்குக்கு மேலே போய் நின்றான்.

வாய்க்குள்ளிருந்து ஒரு வார்த்தையை எடுத்துவிட்டு வாழ்வது அவ்வளவு லேசான காரியம் இல்லை. தெருமுனையில் வருவது தயாளனா வேறு ஆளா என்று தெரியாமல், எதற்கு வம்பு என்று யார் வந்தாலும் வார்த்தையை விழுங்கினார்கள். பிறகு தெரிந்த ஆள் வந்தாலும் விழுங்கினார்கள். விழுங்கி விழுங்கி ஒரு கட்டத்தில் அது வரவேண்டிய இடத்தில் எதுவும் வராமல் போய், அந்த இடத்தில் ஏச்சு வந்து உட்கார்ந்தது, என்னடா மூஞ்சி என்பது வணக்கமாக ஆனது, கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிட வந்தவர்கள் வந்து தொலைங்க என்றார்கள், மருமகள்கள் மாமியார்களிடமும் மாமியார்கள் மருமகள்களிடமும் தயாளனுக்கு வைத்திருந்ததையெல்லாம் இறக்கிவைத்தார்கள். யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அணி ஜெயித்துக்கொண்டிருந்தது.

ஆமாம், ஜெயித்துக்கொண்டேயிருந்தது. மைக்கில் வடமலை தயாளனையே ஏசுவார், எதிரணியை விட்டுவிட்டுச் சொந்த அணிக்காரனை ஏசும் செயலாளரைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளப்பார்கள், அவன் எழும்பி நிற்பான், கடிகாரம் நிற்கும், பந்து விழும். வெற்றிக்குப் பிறகு அவனை யாரும் தோளில் தூக்கவில்லை, தூக்கினால் கோபம் போய்விடும் அல்லவா, முதுகைக் காட்டிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அவன் ஸ்டோர் ரூம் படியில் தனியாக உட்கார்ந்து ஷூவின் லேஸை அவிழ்ப்பதை வடமலை ஒருமுறை மைக்செட் வயரைச் சுருட்டும்போது பார்த்தார். பார்த்துவிட்டு, எதையோ சொல்ல வாயெடுத்து, வயரைச் சுருட்டுவதைத் தொடர்ந்தார்.

இறுதி ஆட்டம் எதிர்பார்த்தபடியே ஓடைமேட்டோடுதான் வந்தது, தும்பைக்குளம் பள்ளிக்கூட மைதானத்திலேயே வந்தது. சங்கரவேலு கோப்பையைத் துணியில் சுற்றி எடுத்துவந்து மேசைமேல் வைத்தார், எப்படியும் திரும்ப எடுத்துப்போகத்தான் போகிறேன் என்பதுபோல. ஓடைமேட்டுச் சட்டையில் நல்லதம்பி இறங்கினான், இரண்டு சுற்று சதை போட்டிருந்தான், பார்த்ததும் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பஞ்சவர்ணம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று பார்த்துத் தயாளன் எழும்பவில்லை. கோடை முழுக்க ஏச்சுக் கேட்டுக் கேட்டு அவனுக்கு மரத்துப்போயிருந்தது; வடமலை தன் கையிருப்பையெல்லாம் கொட்டினார், நிறம் பற்றி, நடை பற்றி, ஓடிப்போன அப்பன் பற்றி, எதற்கும் பயல் ஒரு சாண் உயர்ந்து இறங்கினான். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது, தும்பைக்குளம் ஒரு புள்ளி பின்னால் நின்றது, பந்து தயாளன் கையில் இருந்தது. வடமலையிடம் மிச்சம் ஒரே ஒரு வார்த்தை இருந்தது. ரொம்ப அவசியம் வந்தால் மட்டும் என்று சொல்லி, சங்கரவேலுவே பங்குனி மாதத்தில் கொடுத்துவிட்டுப் போன வார்த்தை. அவனைத் தள்ளிவிட்ட பெருமையில் கொடுத்தாரோ, வடமலை எவ்வளவு தூரம் போவார் என்று பார்க்கக் கொடுத்தாரோ தெரியாது. வடமலை மேசைமேல் இருந்த கோப்பையைப் பார்த்தார், மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுவந்தார்.

"பெத்த ஆத்தாளுக்குக் கொள்ளி வைக்க வராம வெளியூர்ல பந்து வெளையாண்டுக்கிட்டிருந்த பயதான நீ."

நாலு ஸ்பீக்கரிலும் அது போய் மைதானத்துச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. தயாளன் மேசைப் பக்கம் ஒரு தரம் பார்த்தான், பந்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தான், எழும்பினான். கடிகாரத்தை நிறுத்தினார்கள். ரிங் அவன் இடுப்புக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது, பாதத்துக்குக் கீழே போனது, கூட்டம் விசிலடித்துக் கொண்டாடியது, அவன் போர்டைத் தாண்டினான், லைட் கம்பத்தைத் தாண்டினான், அங்கே சுற்றிக்கொண்டிருந்த பூச்சிகளையும் தாண்டினான், அதற்குப் பிறகு விசில் சத்தம் குறைந்தது.

போடுடா என்று கத்தினார்கள். போட்டுவிட்டு இறங்கு என்று நல்லவிதமாகத்தான் கூப்பிட நினைத்தார்கள், ஆனால் வாயைத் திறந்தால் ஏச்சுதான் வந்தது. எறங்குடா நாயே என்றார்கள், அவன் இன்னும் ஒரு பனை உயரம் போனான். பரமன் பதறிப்போய்க் கெஞ்சத்தான் நினைத்தார், வெளியே வந்தது சனியனே என்ற சொல். பெண்கள் கூப்பிட்டார்கள், அதுவும் வசவாகத்தான் போனது, கோடை முழுக்கப் பழகிய நாக்கு வேறு எந்தப் பக்கமும் திரும்பவில்லை, ஊரே சேர்ந்து அழைக்க அழைக்க ஊரே சேர்ந்து அவனை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை ஒரு துண்டுக் காகிதம்போலத் தெரிந்தது. தான் சொன்னதுதான் அவனைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று வடமலைக்குத் தெரிந்தது, அவருக்கு அழுகை வந்தது.

நல்லதம்பி மேசைக்கு ஓடிவந்தான். "மாமா, அவன்கிட்ட அதக் கேளுங்க மாமா. எங்க சத்தம் அங்க எட்டாது, மைக்குதான் எட்டும்."

"பந்தோட எறங்குனா டிராவலிங்" என்றார் பக்கத்தில் நின்ற சங்கரவேலு, கோப்பையின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு. "நல்லாக் கேளுங்க. கப்பு எங்களுக்கு."

சுற்றி நின்ற தும்பைக்குளத்துக்காரர்களுக்கு அப்போதுதான் கணக்குப் புரிந்தது. கேட்டுவிடாதே என்று ஒருவன் வடமலையின் தோளைப் பிடித்து இழுத்தான், இன்னொருத்தன் மைக் வயரில் கைவைத்தான், மேலேயிருந்தே பந்தைப் போட்டாலும் போடுவான் பொறு என்றார்கள். வடமலை அந்தக் கையைத் தட்டிவிட்டார். வாயைத் திறந்தார். நாக்கு ஏச்சுப் பக்கமே சாய்ந்தது, துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருப்புகிறதுபோல அதைத் திருப்ப வேண்டியிருந்தது, மைக் கீச்சென்று கத்தியது.

"தயாளா. சாப்டியாப்பா?"

மேலே போய்க்கொண்டிருந்தது நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு வெள்ளைத் துண்டு பெரிதானது, சட்டையானது, ஆளானது, பூச்சிகளையும் லைட்டையும் போர்டையும் கடந்து, ரிங்கையும் கடந்து, பந்தைக் கையில் பிடித்தபடியே வந்து சிமென்ட் தரையில் இரண்டு காலையும் வைத்தது. ரெஃப்ரி விசிலை ஊதி, டிராவலிங் என்று இரண்டு கையையும் சுற்றிக் காட்டினார். கடிகாரத்தை ஓடவிட்டார்கள், ஓடைமேட்டுக்காரர்கள் பந்தைத் தங்களுக்குள்ளேயே மாற்றிக்கொண்டார்கள், முடிந்தது. சங்கரவேலு கோப்பையை மறுபடி துணியில் சுற்றினார்.

தயாளன் நேராக மேசைக்கு வந்தான். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"இன்னும் இல்ல" என்றான்.

அதுதான் சிக்கல். தும்பைக்குளத்தில் சாப்டியா என்று கேட்பது வெறும் பழக்கம், கேட்டவனுக்கு ஆச்சு என்ற பதில் வரும், இரண்டு பேரும் போய்விடலாம். இன்னும் இல்லை என்று ஒருத்தன் சொல்லிவிட்டால், அவன் கொலைகாரனே ஆனாலும், கேட்டவன் அவனை வீட்டுக்குக் கூட்டிப்போய் இலை போட்டே ஆக வேண்டும். வடமலை மைக்கை அணைத்தார். அவனைக் கூட்டிக்கொண்டு நடந்தார். வழி நெடுக ஊர் இரண்டு பக்கமும் நின்று ஏசியது, தயாளனைக்கூட விட்டுவிட்டது, வடமலையை மட்டும்தான் ஏசியது, துரோகி, ஓடைமேட்டு மருமகன், கோப்பையைத் தூக்கிக் கொடுத்த நாய் என்று, அவரே சொல்லிக்கொடுத்த வார்த்தைகளை ஒன்று விடாமல் அவருக்கே திருப்பிக் கொடுத்தது.

பஞ்சவர்ணம் முன்னாலேயே வந்து உலையை வைத்திருந்தாள். கூடத்தில் இரண்டு இலை போட்டாள். தயாளனைப் பார்த்து உக்காருப்பா என்றாள், புருஷனைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. சோறு வைத்தாள், பருப்பு ஊற்றினாள். தயாளன் தலையைக் குனிந்துகொண்டு பெரிய பெரிய கவளமாக உண்டான். வெளியே ஊரே வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது, ஒரு கல் தகரக் கூரையில் விழுந்து உருண்டது, மைக்செட்டை ஓடையில் போடுவோம் என்றது ஒரு குரல், பரமனின் குரல்தான். வடமலை சோற்றில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. இத்தனை வருஷம் இந்த ஊருக்காகத் தொண்டை கிழியக் கத்தியவன் நான் என்று நினைத்தார், ஒவ்வொருத்தன் வீட்டு விசேஷத்துக்கும் பாதிக் காசுக்கு ஸ்பீக்கர் கட்டியவன் என்று நினைத்தார், இலை கொஞ்சம் கீழே போனதுபோல இருந்தது.

தயாளன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தான். பஞ்சவர்ணமும் குழம்புக் கரண்டியோடு நின்று பார்த்தாள். சம்மணம் போட்டபடியே அவர் தரையிலிருந்து நாலு விரல் உயர்ந்திருந்தார், வேட்டி நுனி மட்டும் தரையில் கிடந்தது.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். வந்து, அவர் தோளில் கையை வைத்து, அழுத்தினாள்.

"கீழ உக்காந்து சாப்புடுங்க" என்றாள்.